தீவும் வீடும் சட்டமும்: ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஸ்கொத்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தின் அலைவாயிலில், ஸ்கை, லூயிஸ், ஹரிஸ், வட யூயிஸ்ற், தென் யூயிஸ்ற், பரா முதலான தீவுகள் அமைந்துள்ளன. ஹெபிரிடீஸ் என்பது இவற்றின் பொதுப்பெயர். கேலிக் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் நெடுங்காலமாக இத்தீவுகளில் வாழ்ந்து வருகின்றனர். 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஸ்கொத்லாந்தில் மக்கள் வாழும் தீவுகள் 93. அவற்றில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,03,700 பேர். முழு நாட்டின் சனத்தொகையில் இது நூற்றுக்கு இரண்டு வீதமளவேயாகும். இச்சிறு தொகையினரின் குடியிருப்பைப் பாதிக்கும் சட்டங்கள் கடந்த நூற்றுநாற்பது ஆண்டுகளிற் பலமுறை மாற்றப்பட்டன. அம்மாற்றங்கள் அனைத்தும் மக்களுக்கு நன்மை செய்தல் என்னும் நோக்கத்தை முன்வைத்தே இயற்றப்பட்டவை. ஆயினும் அவற்றுட் சில தீவுகளில் மக்களை நிலைபெறச் செய்தன. வேறு சில, தாம் காக்க வந்த குடிகளையே கலைத்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீவுக் குடியானவன் ஒருவனது வீட்டின் நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். இரட்டைக் கற்சுவர், அதனிடையே நிரப்பிய மண், மேலே புல்லால் வேய்ந்த கூரை, நடுத் தரையில் அணையாது எரியும் கரிமண் நெருப்பு, ஒரே கூரையின்கீழ் மனிதரும் மாடுகளும் என அவ்வீடு அமைந்திருந்தது. கல்லைப் பொறுக்கியவனும் சுவரை எழுப்பியவனும் கூரை வேய்ந்தவனும் அக்குடியானவனே. மரம் அரிதாகிய அத்தீவுகளிற் கூரை வளைகளே வீட்டின் மிகப் பெறுமதி வாய்ந்த பகுதியாயிருந்தன. எனினும் நிலத்தோடு பொருந்தியது எதுவும் நிலத்துக்குரியவனையே சேரும் என்பது சட்டம். நிலமோ பிரபுவுக்குரியது. குடியானவனுக்கிருந்தது ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் குத்தகை மட்டுமே. அவன் வெளியேற்றப்படுமிடத்து, தான் கட்டிய வீட்டுக்கு ஈடாக எதனையும் கோரமுடியாது. வீட்டைத் திருத்தினால், திருத்திய வீட்டைக் காட்டிக் குத்தகை உயர்த்தப்படலாம் என்ற அச்சமும் உண்டு. தீவுகளுக்கு வந்துசென்ற பிரயாணிகள் பலர் அவ்வீடுகளின் இருளையும் புகையையும் கண்டு, அவற்றைக் குடிகளின் சோம்பலுக்குச் சான்றாக எழுதினர். ஆயின், நாளை தனதாயிராத சுவருக்குச் சாளரம் வைக்க எவனும் துணியான். வீட்டின் வறுமையிற் பெரும்பங்கு சட்டத்தின் வறுமையே எனலாம்.

இவ்வுரிமையின்மையின் விளைவுகள் கொடியனவாயிருந்தன. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களின் காலத்திற் கடற்பாசியை எரித்துப் பெறும் சாம்பலுக்கு நல்ல விலை கிடைத்தது. அத்தொழிலுக்கு ஆள் வேண்டியிருந்தமையாற் பிரபுக்கள் குடிகளைக் கரையோரத்தில் நெருக்கமாகக் குடியிருத்தினர். யுத்தம் முடிந்தபின் விலை வீழ்ந்தது, குடிகள் வேண்டாதவராயினர். செம்மறியாட்டுப் பண்ணைகள் அதிக வருமானந் தந்தன. 1846 இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்ததும் பஞ்சம் சூழ்ந்தது. 1849 இல் வட யூயிஸ்ற் தீவின் சொல்லாஸ் ஊரிற் பொலிசாரின் துணையோடு குடிகள் வெளியேற்றப்பட்டனர். 1851 இல் தென் யூயிஸ்ற், பரா ஆகிய தீவுகளிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டுக் கனடாவிற் கரைசேர்க்கப்பட்டனர். இவை யாவும் சட்டத்தை மீறி நடந்தவையல்ல. நீதிமன்றக் கட்டளையோடு நடந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

மாற்றத்துக்கான முதற்குரல் ஸ்கை தீவிலிருந்து எழுந்தது. 1881 இல் அயர்லாந்துக் குடிகள், போராட்டத்தின் பயனாக, நியாயமான குத்தகை, நிலையான உரிமை ஆகியவற்றைத் தரும் நிலச்சட்டமொன்றைப் பெற்றிருந்தனர். மீன்பிடிக்காக அயர்லாந்தின் கரைகளுக்குச் சென்றுவந்த ஸ்கை தீவினர் அச்செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தனர். 1882 ஏப்பிரலிற் பிறேஸ் என்னும் பகுதிக் குடிகள், மேய்ச்சல் நிலம் தொடர்பான பிணக்கொன்றில், தம்மை வெளியேற்றும் கட்டளைகளைக் கொண்டுவந்த நீதிமன்ற அலுவலரை மறித்து, அக்கட்டளைகளைத் தீயிலிட்டனர். சில நாட்களின் பின்னர் கிளாஸ்கோ நகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பொலிசார் வந்து ஐவரைக் கைதுசெய்தபோது, ஊரின் ஆண்களும் பெண்களும் கல்லுந் தடியுங் கொண்டு எதிர்த்தனர். பத்திரிகைகள் இதனைப் பெரிதாக வெளியிட்டன. அரசாங்கத்துக்கு இனி வாளாவிருத்தல் இயலாததாயிற்று.

1883 இல் அரச ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. அதன் தலைவரான நேப்பியர் பிரபு தமிழகத்துக்கு அறிமுகமானவர். 1866 தொடக்கம் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக விளங்கியவர். சென்னையிற் கூவத்தின் குறுக்கேயுள்ள பாலமும் திருவனந்தபுரத்து அரும்பொருட்காட்சிச்சாலையும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆறு பேர் கொண்ட அக்குழுவிற் பெரும்பான்மையோர் நிலவுடைமையாளராயிருந்தமையாற் குடிகள் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். ஆயின் இக்குழு எடின்பரோவில் இருந்துகொண்டு தீவினரை வரவழைக்கவில்லை. கடற்படைக் கப்பலிலேறித் தீவு தீவாகச் சென்றது. அக்கப்பல் லூயிஸ் தீவின் ஸ்ரோர்ணவே துறைமுகத்துக்கு அண்மையிற் பாறையில் மோதி உடைந்தபின்னரும் விசாரணை தொடர்ந்தது. பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் அமர்வுகள் நடந்தன. கேலிக் மொழியிற் சாட்சியம் கேட்கப்பட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் பேசினர். அவர்களது சொற்கள் பெருந்தொகுதிகளாக அச்சாகின.

1883 மே 8 ஆம் திகதி பிறேஸில் நடந்த முதலமர்விலே முதற்சாட்சியாக நின்றவர் அங்கஸ் ஸ்ருவர்ட் என்னும் குடியானவர். உண்மையைக் கூறுவதன் காரணமாகத் தம்மை நிலத்திலிருந்து வெளியேற்றமாட்டார்கள் என்ற உறுதியை அவர் முதலில் வேண்டினார். பிரபுவின் காரியஸ்தர் தரப்பிலிருந்து உறுதி பெறப்பட்ட பின்னரே அவருடைய சாட்சியம் தொடர்ந்தது. தீவுகளின் நிலைமையை அதன்பின் வந்த சாட்சியங்கள் விரிவாகக் கூறின. ஆயின் இந்த ஒரு வேண்டுகோளே அதன் சாரத்தைக் கூறிவிட்டது. வீட்டின்மீது உரிமையில்லாதவனுக்கு நாவின்மீதும் உரிமையில்லை.

ஆணைக்குழுவின் அறிக்கை 1884 இல் வெளியாயிற்று. ஊரை ஒரு கூட்டு அமைப்பாகச் சட்டம் ஏற்கவேண்டும் என்பது அதன் முக்கிய பரிந்துரைகளுள் ஒன்று. மேய்ச்சல் நிலத்தை ஊரார் பொதுவில் வைத்தாளும் தீவுவழக்கம் இதற்கு அடிப்படையாயிற்று. அரசாங்கம் இப்பரிந்துரையை ஏற்கவில்லை; அயர்லாந்துச் சட்டத்தையே பெரிதும் பின்பற்றியது. அதற்கிடையில் 1884 இல் வாக்குரிமை விரிவாக்கப்பட்டு, 1885 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் குடியானவரின் வேட்பாளர் சிலர் பாராளுமன்றஞ் சென்றனர். இவற்றின் விளைவே 1886 ஆம் ஆண்டு ஜூனில் நிறைவேறிய குறொவ்ற் குடிகள் சட்டமாகும். 'குறொவ்ற்' என்பது இக்குடிகள் குத்தகைக்குப் பெற்று வாழும் சிறு நிலத்துண்டின் பெயர். தீவுகளையும் மேட்டுநிலங்களையும் கொண்ட ஏழு மாவட்டங்களில், ஆண்டுக் குத்தகை 30 பவுணுக்கு மேற்படாத நிலங்களுக்கு இச்சட்டம் ஏற்புடையதாயிற்று. குத்தகையை ஒழுங்காகச் செலுத்தி நிபந்தனைகளைக் காத்து நடக்கும் குடியை வெளியேற்ற முடியாது. நியாயமான குத்தகையை ஆணைக்குழு நிர்ணயிக்கும். வெளியேறுங் குடிக்கு அவன் செய்த திருத்தங்களுக்கு, வீடு உட்பட, ஈடு வழங்கப்படும். உரிமை குடும்பத்தினருக்குச் செல்லும் என்பன அதன் சாரம்.

இது நிலச்சட்டமென வழங்கப்பட்டபோதிலும் தீவுகளின் முதலாவது வீட்டுச் சட்டமும் இதுவே எனலாம். பின்வந்த தலைமுறைகளிற் புகைபோக்கியும் கண்ணாடிச் சாளரமும் உடைய வீடுகள் எழலாயின. மாட்டுத்தொழுவம் வீட்டிலிருந்து பிரிந்தது. மாற்றம் மெதுவானது. லூயிஸ் தீவின் கியறனன் ஊரிற் பழைய புல்வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த இறுதிக் குடிகள் 1974 இலேயே வெளியேறினர். எனினும், வீட்டில் உழைப்பையும் பணத்தையும் இடலாம் என்ற துணிவு 1886 இன் பின்னரே பிறந்தது.

அச்சட்டத்துக்கும் குறைகள் உண்டு. சாட்சியமளித்தோருள் நிலமே இல்லாத குடிசைவாசிகளும் இருந்தனர். அவர்கள் கேட்கப்பட்டனர், ஆயின் அவர்களுக்குச் சட்டம் நிலம் எதனையும் வழங்கவில்லை. உள்ள நிலத்திற் குடியிருப்போரை அது காத்ததேயன்றிப் புதிய நிலத்தைத் திறந்துவிடவில்லை. இதனாற் பின்னரும் கிளர்ச்சிகள் தொடர்ந்தன. பராவுக்கு அருகிலுள்ள வற்றர்சே தீவு ஒரே பண்ணையாக இருந்தது. பராவிலிருந்தும் மிங்குலேயிலிருந்தும் சென்ற நிலமற்றோர் அங்கே குடிசைகளை எழுப்பினர். ஒரே நாளிற் குடிசை கட்டி அடுப்பு மூட்டியவனுக்கு அவ்விடம் உரியதாகும் என்ற பழைய நம்பிக்கை அவர்களிடையே நிலவியதாகக் கூறுவர். நீதிமன்றம் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. 1908 இல் அவர்களுட் பதின்மர் எடின்பரோவிற் சிறையிடப்பட்டனர். ஆயினும் பொதுமக்களின் அனுதாபம் அவர்கள் பக்கமிருந்தது. அடுத்த ஆண்டே அரச சபையொன்று அத்தீவை விலைக்கு வாங்கி 58 குறொவ்ற்றுகளாகப் பிரித்து வழங்கியது. சிறை மீண்டோர் சட்டபூர்வமான குடிகளாயினர்.

மற்றொரு குறை காலப்போக்கிற் புலப்பட்டது. வீட்டை வைத்திருக்கும் உரிமை குடிக்கு இருந்தது. நிலமோ தொடர்ந்தும் பிரபுவினுடையது. ஆகவே அவ்வீட்டை ஈடுவைத்து வங்கியிற் கடன் பெறுதல் அரிதாயிற்று. அரசாங்கத்தின் கொடையும் கடனுமே வீடு கட்டுவதற்கு வழியாயின. வெளியூரில் வாழ்ந்துகொண்டு ஊரில் நிலத்தை வெறுமனே வைத்திருப்போரின் தொகையும் பெருகியது. இக்குறைகளுக்குப் பரிகாரமாக 1976 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. குடி தன் வீட்டு நிலத்தை வாங்கலாம்; பயிர்நிலத்தையும் ஆண்டுக் குத்தகையின் பதினைந்து மடங்குக்கு வாங்கலாம் என அது விதித்தது. குத்தகையோ மிகச் சிறிதாகையால் விலையுஞ் சிறிதாயிற்று. பிரபுவின் பிடியிலிருந்து முழுமையான விடுதலை இதுவெனப் பலர் வரவேற்றனர். வேறு சிலர் அஞ்சினர். அவர்களது அச்சம் ஆதாரமற்றதன்று. குறொவ்ற் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட வீட்டுநிலத்தை எவருக்கும் விற்கலாம். கடலை நோக்கிய வீட்டுக்குத் தெற்கிலுள்ள நகரவாசி தரும் விலையை, மீன்பிடியாலும் நெசவாலும் வாழும் தீவின் இளைஞன் தரமுடியாது. 1886 இல் வெளியேற்றத்துக்கு எதிராக எழுப்பப்பட்ட அரண், 1976 இன் பின்னர் உள்ளிருந்தே திறக்கக்கூடியதாயிற்று.

இவ்வாறு 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தீவினரைக் குறித்தே இயற்றப்பட்டதெனின், 1980 ஆம் ஆண்டுச் சட்டமோ தீவுகளைக் கருதாதே இயற்றப்பட்டது. உள்ளூராட்சிச் சபைகளின் வாடகை வீடுகளில் வாழ்வோர் அவற்றைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையை அது வழங்கியது. கிளாஸ்கோ போன்ற நகரங்களின் ஆயிரக்கணக்கான வீடுகளை முன்னிறுத்தி வகுக்கப்பட்ட கொள்கை அது. வாங்கிய குடும்பங்களிற் பல அதனால் நன்மையடைந்தன என்பதை மறுத்தற்கில்லை. ஸ்கொத்லாந்து முழுவதிலும் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டன. ஆயின் ஈராயிரம் வாடகை வீடுகள் உள்ள நகரொன்றில் முந்நூறு விற்கப்பட்டாலும் வீடற்ற இளந்தம்பதியினர்க்கு ஆயிரத்தெழுநூறு எஞ்சும். தீவின் ஊரொன்றில் ஆறு வீடுகளே இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் நான்கு விற்கப்பட்டு, அந்நான்கும் பின்னர் விடுமுறை இல்லங்களாகக் கைமாறின், அவ்வூரில் மணமுடிப்போர்க்கு இடமில்லை. அவர்கள் கப்பலேறினாற் பாடசாலையிற் பிள்ளைகள் குறைவர். பாடசாலை மூடப்படின் எஞ்சிய குடும்பங்களுந் தங்கா. நகரில் ஒரு வீட்டின் விற்பனை ஒரு குடும்பத்தின் காரியம். தீவில் அது ஊரின் காரியம்.

இவ்வபாயத்தைச் சட்டம் முற்றாக அறியாதிருக்கவில்லை. 1987 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், மறுவிற்பனையின்போது வீட்டை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கிராமப்புறச் சபைகள் பெற வழிசெய்தது. ஆனால் எப்போது? அப்பகுதியின் வீடுகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் விற்கப்பட்டு, அவற்றுள் நியாயமற்ற அளவினவை மறுவிற்பனையாகி நிரந்தர வதிவிடமல்லாதனவாக மாறிவிட்டன என்று அமைச்சர் திருப்திப்பட்டபோது மட்டுமே. அதாவது நோய் முற்றியபின் மருந்து கொடுக்கலாம் எனச் சட்டம் அனுமதித்தது. இறுதியில் 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கும் உரிமையை முழு ஸ்கொத்லாந்திலும் ஒழித்தது. 2016 ஓகஸ்ற் 1 ஆம் திகதியோடு அது முடிவுற்றது. முடிவுறும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1911 இல் 46,000 பேருக்கு மேல் வாழ்ந்த மேற்குத் தீவுகளில் 2011 இல் 27,684 பேரே வாழ்ந்தனர். 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை மேலும் குறைந்து ஏறத்தாழ 26,000 ஆயிற்று. இவ்வீழ்ச்சிக்கு யுத்தங்களும் வெளிநாட்டுக் குடிபெயர்வும் தொழிலின்மையும் காரணங்களாம். வீடின்மையை மட்டுமே காரணமாகக் கூறுதல் தவறு. ஆயின் தொழில் கிடைத்தும் வீடு கிடைக்காதோர் தங்க முடியாது என்பது தெளிவு.

இதற்கிடையில் வேறொரு வழியைத் தீவு மக்கள் தாமே கண்டனர். எய்க் தீவில், எழுத்துமூலமான குத்தகை இல்லாதோர் தமது வீடுகளைத் திருத்தத் துணியாதிருந்தனர்; 1886 இன் முன்னிருந்த நிலை ஒரு நூற்றாண்டின் பின்னரும் அங்கே தொடர்ந்தது எனலாம். 1997 இல், பொதுமக்களின் நன்கொடை கொண்டு தீவினர் ஒரு பொறுப்பாண்மை அமைப்பின்மூலம் முழுத் தீவையும் வாங்கினர். அப்போது அறுபத்தைந்து பேரளவிலிருந்த குடித்தொகை பின்னர் நூறைக் கடந்தது. 2002 இல் கீயா தீவும் அவ்வாறே மக்கள் கைக்கு வந்தது. அங்கே பெரும்பாலான வீடுகள் வாழத்தகாதன எனக் கணிக்கப்பட்டிருந்தன. பழைய வீடுகள் திருத்தப்பட்டுப் புதியனவுங் கட்டப்பட்டன. 2003 ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் சமூகங்களின் வாங்கும் உரிமைக்குச் சட்டவடிவம் கொடுத்தது. 2006 இல் தென் யூயிஸ்ற்றின் பெருநிலமும் சமூக உடைமையாயிற்று. ஒரு குடியின் உரிமையைக் காத்தல், ஒரு குடிக்கு விற்றல் என்ற இரண்டுக்கும் புறம்பாக, ஊரே உடைமையாளனாதல் என்பது இவ்வழி. நேப்பியர் பிரபுவின் குழு 1884 இல் ஊரைச் சட்டத்தில் ஏற்கவேண்டுமெனப் பரிந்துரைத்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

2018 இல் நிறைவேறிய தீவுகள் சட்டம் இவ்வரலாற்றிற் புதிய கட்டமொன்றைக் குறிக்கின்றது. ஒரு கொள்கையோ சேவையோ சட்டமோ பிற சமூகங்களைப் பாதிப்பதினின்றும் குறிப்பிடத்தக்க அளவு வேறாகத் தீவுச் சமூகமொன்றைப் பாதிக்கக்கூடுமாயின், அத்தாக்கத்தை மதிப்பீடு செய்தல் வேண்டும் என்பது அதன் முக்கிய விதியாகும். ஒரு தீவின்மீதான தாக்கம் மற்றொரு தீவின்மீதான தாக்கத்தின் வேறாகலாம் என்பதையும் அச்சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. தேசப்படங்களில் ஷெற்லன்ட் தீவுகளைத் தம்மிடத்திலிருந்து பெயர்த்து மூலையொன்றிற் பெட்டியிட்டுக் காட்டும் வழக்கத்துக்கு எதிரான விதியொன்றும் அதில் உண்டு. அது வேடிக்கையான விதியாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் படத்தில் தூரத்தை மறைப்பவர் சட்டத்திலும் தூரத்தை மறப்பர்.

புதிய சட்டங்கள் இவ்விதியைச் சோதனைக்குள்ளாக்குகின்றன. 2022 இற் கொண்டுவரப்பட்ட குறுங்கால வாடகை வீடுகளுக்கான அனுமதிப்பத்திர முறை இதற்கோர் உதாரணம். எடின்பரோவில் மாடிவீடுகள் முழுவதையும் உல்லாசப் பயணிகளுக்கு விடும் முதலீட்டாளனும், குறொவ்ற் வருமானத்தோடு ஓர் அறையைப் பயணிக்கு விட்டுப் பிழைக்கும் தீவுக் குடும்பமும் ஒரே முறையின்கீழ் வந்தனர். அதே வேளையில், வீடுகள் பயணிகளுக்கென ஒதுக்கப்படுவதனால் ஆசிரியரும் தாதியரும் தங்க இடமின்றித் தவிப்பதும் தீவுகளிலேயே கூர்மையாக உணரப்படுகின்றது. 2025 இல் நிறைவேறிய வீடமைப்புச் சட்டம் வாடகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அமைக்க இடமளிக்கின்றது. நகரில் வாடகையைக் குறைப்பது தலையாய பிரச்சினை. வாடகைக்கு விடப்படும் வீடுகளே கைவிரல்விட்டு எண்ணத்தக்கனவாகவுள்ள சிறு தீவிலோ, ஒரே ஓர் உரிமையாளன் வீட்டை வாடகையிலிருந்து விலக்கிக்கொள்வதும் பெரும் இழப்பாகலாம். ஒரே சட்டம் ஓரிடத்திற் காவலாகவும் மற்றோரிடத்திற் சுமையாகவும் அமையக்கூடும். அதனை முன்கூட்டியே அறிவதற்குத்தான் மதிப்பீடு வேண்டப்படுகின்றது.

ஆயினும் மதிப்பீடு செய்தல் வேறு, கேட்டல் வேறு. அலுவலகத்தில் இருந்துகொண்டு நிரப்பப்படும் படிவமும் மதிப்பீடெனவே பெயர்பெறும். 1883 இன் விசாரணை பயனளித்தமைக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. விசாரித்தோர் கடல்கடந்து சென்றனர். மக்களின் மொழியிற் கேட்டனர். பேசியோர்க்குத் தீங்கு நேராதென உறுதி பெற்றனர். கேட்டவற்றை மறைக்காது அச்சிட்டனர். அவ்விசாரணையிலுங்கூட நிலமற்றோரின் குரல் பதிவாகியதேயன்றிப் பயன்படவில்லை. அவர்கள் வற்றர்சே கரையிற் குடிசை கட்டியும் சிறைசென்றும் அதனை மீண்டும் உணர்த்த நேர்ந்தது. இன்றைய தீவுகளில் அவர்களது இடத்தில் இருப்போர், வீடும் நிலமும் இல்லாது பெற்றோரின் வீட்டிலோ வண்டிவீட்டிலோ காத்திருக்கும் இளந்தலைமுறையினராவர். தீவுகள் சட்டத்தின் மதிப்பீடுகள் அவர்களிடமிருந்து தொடங்குமாயின், 1886 இல் விடுபட்ட கடமையொன்று காலந்தாழ்த்தியேனும் நிறைவேறும்.